மட்டையோடு ஓடியவர்

ஜூலை 1, திங்கள்

முதலில் ஒரு மன்னிப்பு. எங்கள் வீட்டில் இதுவரை எழுதப்பட்டது எல்லாம் தேவைக்கு எழுதப்பட்டது. ரேஷன் கடைக்கு, கேஸ் கம்பெனிக்கு, என் காலேஜ் ஸ்காலர்ஷிப்புக்கு. யாருக்கும் தேவையில்லாததை ஒருத்தி உட்கார்ந்து எழுதுவது எனக்கே கொஞ்சம் திமிராகத்தான் தெரிகிறது. உப்புக் கம்பெனியில் அப்பாவுக்குக் கொடுத்த டைரி ஆறு மாதமாக டிவி மேல் சும்மா கிடக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

என் பெயர் பேச்சியம்மாள். பெயருக்கும் எனக்கும் உள்ள பொருத்தத்தைப் பற்றி ஊரில் எல்லாரும் கேலி செய்து முடித்துவிட்டார்கள். பி.காம். முடித்து, தருவைக்கரை பள்ளிக்கூட ஆபீசில் தற்காலிக வேலை.

இன்று விளையாட்டு ஆசிரியை ஞானசுந்தரி டீச்சர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். எட்டாம் வகுப்பில் எனக்கு டிரில் எடுத்தவர்.

"ஏட்டி, நீ கணக்குப் படிச்ச பிள்ளதான? சாயங்காலம் கிரவுண்டுக்கு வா. ஸ்கோர் எழுத ஆளு இல்ல."

"சரி டீச்சர்" என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் போய்விட்டார்.

ஜூலை 3, புதன்

ஆட்டத்தின் பெயர் பேஸ்பால். கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். எறிகிற பந்தை அடித்துவிட்டு ஓட வேண்டும். மூன்று மூலைகளில் திண்டு மாதிரி மூன்று பேஸ். அவற்றை வரிசையாகக் காலால் மிதித்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து அதையும் மிதித்தால் ஒரு ரன். புறப்படும் இடத்துக்கு ஹோம் என்று பெயர். இவ்வளவு பாடுபட்டு ஓடி வீட்டுக்கே வருவதா என்று முதலில் சிரிப்பு வந்தது. அரை மணி நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு பெண் மூன்றாவது பேஸிலிருந்து புழுதி பறக்க வந்து விழுந்தபோது நான் பென்சிலைக் கடித்து முனையை விழுங்கிவிட்டேன்.

மைதானம் உப்பளத்துக்குப் பக்கத்தில். தரை வெள்ளை, பந்து வெள்ளை, வெயில் வெள்ளை. பள்ளியில் படிக்கிறவர்கள், படித்து முடித்தவர்கள் என்று ஒன்பது பெண்கள். கேப்டன் ஜெனிட்டா, மொபைல் கடையில் வேலை பார்க்கிறவள். பந்து எறிவதும் அவள்தான். அவள் எறிந்தால் பந்து போவது தெரியாது, கேட்சர் கிளவுஸில் 'டப்' என்று விழுவதுதான் தெரியும்.

ஒரு விநோதப் பழக்கம். அடித்த பெண் ஓடுவதற்கு முன் மட்டையைக் கீழே போட்டு, "போட்டாச்சு" என்று கத்த வேண்டும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கை மட்டையை விடாது என்பதற்காக டீச்சர் வைத்த விதி. கத்தாமல் ஓடினால் மைதானத்தைச் சுற்றி ஓட்டம். டீச்சர் வேறு எதற்கும் கோபப்படுவதில்லை. மட்டையோடு ஓடினால் மட்டும் விசில் அழுகிற மாதிரி கேட்கிறது.

ஜூலை 8, திங்கள்

ஸ்கோர் எழுதினேன். வீட்டுக்கு வந்தேன். துணி துவைத்தேன். உள்ளங்கையில் கொப்புளம்.

அம்மா கேட்டாள். கிணற்றுக் கயிறு உரசிவிட்டது என்றேன்.

"நம்ம வீட்டுல ஏதுட்டி கெணறு?" என்றாள் அம்மா.

ஜூலை 10, புதன்

உப்பு குடோனின் பின்சுவரில் யாரோ பந்து எறிந்து வட்ட வட்டமாகத் தடம் விழுந்திருக்கிறதாம். வாட்ச்மேன் திட்டிக்கொண்டிருந்தார். விடியற்காலையில் யாருக்கு இந்த வேலை என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் ஆச்சரியப்பட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

அருள்மணி அண்ணாச்சி ஆபீசுக்கு வந்தார். துபாயில் இருந்துவிட்டு வந்து இங்கே கான்கிரீட் கல் கம்பெனி நடத்துகிறவர். கையில் நோட்டீஸ் கட்டு, அச்சு மை வாடை போகவில்லை. ஆகஸ்ட் பதினைந்து அன்று நம் மைதானத்தில் பெண்கள் பேஸ்பால் போட்டி. வெளியூர்களிலிருந்து அணிகள் வருகின்றன. மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்களும் வருகிறார்கள். கோப்பையின் பெயர் 'தங்கதுரை நினைவுச் சுழற்கோப்பை'.

"யம்மா பேச்சி, நீ டிகிரி படிச்ச பிள்ள. எங்க தங்கதுரை அண்ணனப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடு. மைக்ல வாசிக்கணும். சும்மா நச்சுன்னு இருக்கணும்."

தலையை ஆட்டினேன். அந்த நேரம் பார்த்து ஞானசுந்தரி டீச்சர் உள்ளே வந்தார். நோட்டீஸை எடுத்து வாசித்தார். மடித்தார். அண்ணாச்சியின் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தார்.

"இந்தப் பேர்ல எவன் கோப்பை வச்சாலும் எங்க பிள்ளைக ஆடாது."

"ஞானம், உங்க அப்பா பேருதானம்மா அது."

"அதனாலதான் சொல்லுதேன்."

தங்கதுரை என்பவர் டீச்சரின் அப்பா என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

ஜூலை 14, ஞாயிறு

எழுதுவதற்கு விவரம் வேண்டும் என்று அண்ணாச்சி என்னை சூசை அண்ணாச்சியின் டீக்கடைக்கு வரச் சொன்னார். இருவரும் பழைய தருவைக்கரை அணி. நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்க இடமும் கிடைக்கவில்லை.

மெட்ராஸிலிருந்து வந்த ஒரு வாத்தியார் எண்பதுகளில் இந்த ஆட்டத்தை ஊருக்குக் கொண்டுவந்தாராம். தங்கதுரை அப்போது உப்பு மூட்டை சுமந்துகொண்டிருந்தார். மட்டையைக் கையில் கொடுத்ததும் முதல் பந்தையே உப்பளத்துக்குள் அடித்தார்.

"மறுநா காலையிலதான் பந்து கெடச்சுது. உப்பு பூத்து லட்டு மாதிரி" என்றார் அருள்மணி அண்ணாச்சி.

"கெடைக்கவே இல்ல. இவன் துபாய்ல இருந்து வரும்போது கதையையும் சேத்து வாங்கிட்டு வந்துட்டான்" என்றார் சூசை அண்ணாச்சி.

மட்டை பிடித்து நிற்கும்போது பின்னால் குந்தியிருக்கும் எதிரணி கேட்சரிடம் பேச்சுக் கொடுப்பாராம். "தம்பி, உங்க வீட்டு மாடு கன்னு போட்டுட்டாமே" என்பார். அவன் "எப்ப?" என்று கேட்பதற்குள் பந்து அவனைத் தாண்டிப் போயிருக்கும். வேட்டி மடிப்பில் பந்தை ஒளித்துவைத்துக்கொண்டு வெறுங்கையை ஆட்டியபடி திரிவார். எதிரணி ஆள் நம்பி பேஸை விட்டு நகர்ந்ததும் பந்தால் தொட்டு அவுட் ஆக்குவார். ஒரு தடவை எதிரணிக்காரன் ஷூ லேசைக் கட்டிவிடுகிறேன் என்று குனிந்து, இரண்டு ஷூவையும் சேர்த்துக் கட்டிவிட்டாராம். எனக்குப் புரையேறி டீ மூக்கு வழியாக வந்துவிட்டது. இரண்டு பெரியவர்கள் முன்னால். செத்துப்போகலாம் போல இருந்தது, ஆனால் சிரிப்பு நிற்கவில்லை.

"அண்ணன மாதிரி ஒரு ஆளு இனிமே பொறக்கப் போறதில்ல."

"பொறக்கவே வேண்டாம். ஒருத்தருக்கே நமக்கு ஆறு வருசம் போச்சு" என்றார் சூசை அண்ணாச்சி.

அந்த ஆறு வருடக் கதை இதுதான். எண்பத்தொன்பதில் மண்டல இறுதி ஆட்டம், நம் மைதானத்தில். கடைசிக் கட்டம். இரண்டு அணியும் சமம். தங்கதுரை அடித்தார். பந்து உப்பளத்துக்கே போய்விட்டது. ஓடினார், மட்டையோடு. அவர் எப்போதும் மட்டையோடுதான் ஓடுவார், கையை விட்டுப் போகாது. அதில் தப்பு இல்லை. யாருக்கும் குறுக்கே வராதவரை மட்டையோடு ஓடலாம். ஆனால் ஹோமுக்கு வந்ததும் என்ன செய்தார் என்றால், கிரிக்கெட்டில் கோட்டைத் தொடுவது போல மட்டையை நீட்டி ஹோமைத் தட்டினார். காலை வைக்கவில்லை. அதற்குள் பந்து திரும்பி வந்துவிட்டது; கேட்சர் அதோடு வந்து முதுகில் தொட்டான். அம்பயர் கையை உயர்த்தினார். அவுட்.

தங்கதுரை ஹோமின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கவில்லை. ஊர் ஜனம் உள்ளே இறங்கி அவரைச் சுற்றி உட்கார்ந்தது. "நாங்க ஜெயிச்சாச்சு" என்று கோஷம். இருட்டும்வரை அப்படியே. எதிரணி கடைசி பஸ் பிடித்துப் போய்விட்டது. பேஸ்பால் சங்கத்தில் தருவைக்கரைக்கு ஆறு வருடம் தடை போட்டார்கள். சூசை அண்ணாச்சிக்கு விளையாட்டுக் கோட்டாவில் வரவிருந்த வேலை போனது.

"வீம்பு. சிங்கம் மாதிரி உக்காந்திருந்தாவ" என்றார் அருள்மணி அண்ணாச்சி. சொல்லிவிட்டு டம்ளருக்குள் பார்த்தார்.

ஜூலை 18, வியாழன்

பயிற்சி முடிந்து பெண்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஜெனிட்டா டீச்சரிடம் போய் நின்றாள்.

"டீச்சர், ஆள் எடுக்கிறவங்க நம்ம ஊருக்கே வாராங்க. இனி எப்ப வருவாங்க? கோப்பைல யாரு பேரு இருந்தா நமக்கென்ன?"

டீச்சர் கிளவுஸ்களை எண்ணிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே பேசினார்.

"அப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. உன்ன விட வேகமா எறிவேன். எங்க அப்பா ஒரு சாயங்காலம் உக்காந்தாரு. நான் ஆறு வருசம் உக்காந்தேன். தடை முடியும்போது எனக்குப் பதினெட்டு. எங்கயும் ஒரு ஆட்டம்கூட ஆடல. கடைசி வரைக்கும் ஒரு வார்த்த சொல்லல அந்த மனுசன். அந்தப் பேரு எழுதின கோப்பைய நான் கும்பிடணுமோ?"

நான் ஸ்கோர் தாளில் பூ வரைந்துகொண்டிருந்தேன். எனக்கு இந்த ஆட்டத்தில் என்ன இருக்கிறது, நான் ஸ்கோர் எழுதுகிறவள். ஆனாலும் வீட்டுக்கு நேரே வராமல் குடோன் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 24, புதன்

ஷார்ட் ஸ்டாப் இடத்தில் நிற்கும் மாரிக்கனி திருப்பூருக்கு மில் வேலைக்குப் போய்விட்டாள். இப்போது எட்டுப் பேர். ஷார்ட் ஸ்டாப் என்பது இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில். அதிகப் பந்து அங்கேதான் வரும். தரையோடு வருகிற பந்துக்கு முதலில் முழங்காலை மடக்க வேண்டும், கையை அல்ல. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், பார்த்துப் பார்த்துத்தான்.

ஜூலை 25, வியாழன்

முழங்காலில் சிராய்ப்பு. அம்மா இந்தத் தடவை ஒன்றும் கேட்காமல் தேங்காய் எண்ணெய் எடுத்துக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 3, சனி

அருள்மணி அண்ணாச்சி மைதானத்துக்கே வந்துவிட்டார். கூடவே சூசை அண்ணாச்சியும் பழைய அணியில் மிச்சமிருந்தவர்களும். எல்லாருக்கும் தொப்பை, இரண்டு பேருக்கு முழங்கால் பட்டை.

"ஞானம், ஒரு பேச்சுக்கு வாரேன். நாளைக்கு எங்ககூட ஒரு ஆட்டம் ஆடு. நீங்க ஜெயிச்சா நான் இந்தக் கோப்பையப் பத்தி இனிமே வாயத் தொறக்க மாட்டேன். நாங்க ஜெயிச்சா பதினஞ்சாந் தேதி உங்க டீம் ஆடணும்."

டீச்சர் அந்தத் தொப்பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"ஆம்புலன்சுக்குச் சொல்லி வச்சிருக்கீயளா?"

"அது நம்ம சூசை மச்சினன் வண்டிதான்."

"எங்கள்ல எட்டுப் பேருதான் இருக்கு. ஒம்பதாவது ஆளுக்கு?" என்று டீச்சர் சுற்றிலும் பார்த்தார். பார்வை என் மேல் வந்து நின்றது.

நான் பென்சில் சீவினேன். நன்றாகச் சீவினேன். பாதிப் பென்சில் போய்விட்டது.

"சரி, நானே எறங்குதேன். ஏட்டி பேச்சி, நீ அம்பயர். பேசாத ஆளு பொய்யும் சொல்லாது."

ஆகஸ்ட் 4, ஞாயிறு



சர்ச் முடிந்து பாதி ஊர் மைதானத்தில். பெரியவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். பெண்கள் சிரித்துச் சிரித்தே பந்தைக் கோட்டைவிட்டார்கள். சூசை அண்ணாச்சி முதல் பேஸுக்கு ஓடி, அங்கிருந்த பெண்ணிடம் "ஒரு நிமிசம் இரும்மா" என்று மூச்சு வாங்கினார். அருள்மணி அண்ணாச்சி ஜெனிட்டாவிடம் வெறுங்கையைக் காட்டி, "பந்து எங்கம்மா போச்சு?" என்று தேடினார். அவள் பேஸை விட்டு இரண்டு அடி நகர்ந்ததும் வேட்டி மடிப்பிலிருந்து பந்தை எடுத்து அவளைத் தொட்டார். நான் "அவுட்" என்று சொல்ல வேண்டும். சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. கையை உயர்த்திச் சமாளித்தேன்.

கடைசிக் கட்டம். பெரியவர்கள் ஒரு ரன் முன்னால். பெண்கள் அணியில் ஒரு அவுட் மிச்சம். மட்டையோடு டீச்சர் வந்தார். அவர் வந்து சேர்ந்தால் சமம். அதன்பின் ஆட்டம் நீண்டால் பெண்கள்தான் ஜெயிப்பார்கள், பெரியவர்கள் ஏற்கெனவே தரையில் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். பெண்கள் ஜெயித்தால் கோப்பைப் பேச்சே கிடையாது, பதினைந்தாம் தேதி நம் பெண்கள் யாரும் ஆட மாட்டார்கள். ஜெனிட்டாவுக்கு இது தெரியும். அதனால் எந்தப் பக்கம் கைதட்டுவது என்று தெரியாமல் நின்றாள்.

டீச்சர் அடித்தார். அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது. தேங்காய் ஒரே அடியில் சரிபாதியாக உடைகிற சத்தம். பந்து உப்பளத்துப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. டீச்சர் ஓடினார். நாற்பத்தேழு வயது, ஜடை அவிழ்ந்து, ஒன்று, இரண்டு, மூன்று. ஊரே கத்துகிறது. அப்போதுதான் பார்த்தேன். "போட்டாச்சு" என்று யாரும் கத்தவில்லை. மட்டை அவர் கையிலேயே இருந்தது.

ஹோமுக்கு முன்னால் குனிந்து, மட்டையை நீட்டி, தட்டினார். டொக்.

கேட்சராக நின்ற அருள்மணி அண்ணாச்சி, உப்பளத்திலிருந்து திரும்பி வந்த பந்தால் அவர் தோளைத் தொட்டார். சும்மா, பூவைத் தொடுகிற மாதிரி.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கால் படவில்லை, அதை நான் கண்ணால் கண்டேன். ஆனால் அவுட் என்று சொன்னால் அணி பதினைந்தாம் தேதி ஆடும், நான் ஆசைப்பட்டதும் அதுதான். கண்டதைச் சொல்கிறேனா, ஆசைப்பட்டதைச் சொல்கிறேனா என்று ஒரு கணம் தடுமாறினேன். பிறகு மறுபடியும் தரையைப் பார்த்தேன். மட்டையின் நுனி ஹோமில். டீச்சரின் செருப்புத் தடம் அதற்கு ஒரு முழம் முன்னால்.

"அவுட், டீச்சர்."

உப்பளத்து ஓரத்தில் நின்றவர்களுக்கும் கேட்டதாம். அம்மா அங்கேதான் நின்றிருக்கிறாள்.

டீச்சர் அப்படியே ஹோமின் மேல் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த மட்டையைப் பார்த்தார். "கை தானா நீளுது" என்றார், யாரிடமோ. பிறகு குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீரும் வந்துகொண்டிருந்தது.

அருள்மணி அண்ணாச்சி முனகிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்க அப்பாவும் இப்பிடித்தான் மட்டையப் பாத்துட்டே இருந்தாவ. நான் காதுல போய்ச் சொன்னேன், எந்திரிங்கண்ணேன்னு. 'எப்பிடிடே எந்திரிக்கது, ஊரே பாக்கே'ன்னாவ. அவுட்டுன்னு அவியளுக்கே தெரியும். வெக்கம். அதுக்குள்ள நம்ம ஆளுக கோசம் போட ஆரம்பிச்சிட்டானுவ. அப்பறம் எங்க எந்திரிக்க."

"இத்தன வருசமா வீம்பு வீம்புன்னு சொன்னீயளே அண்ணாச்சி."

"வீம்புன்னா கெத்து. வெக்கப்பட்டு உக்காந்திருந்தாருன்னு வெளிய சொல்ல முடியுமா? நானும் உக்காந்திருந்தேன்ல கூட."

"எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம் அந்த மனுசன்" என்றார் டீச்சர்.

சொல்லியிருக்க முடியாது. எனக்குத் தெரியும். காலேஜ் போகும்போது பஸ்ஸில் "இறங்கணும்" என்று சொல்ல வாய் வராமல், ஸ்டாப் தாண்டிப் போய் நடந்து திரும்பியிருக்கிறேன். ஒரு தடவை அல்ல. ஊரெல்லாம் சிங்கம் என்று சொன்ன ஒரு மனிதர் என்னைப் போன்ற ஆள்தானா. இதை நினைத்து நினைத்து இந்த நேரம் வரை தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

டீச்சரால் எழுந்திருக்க முடியவில்லை. ஓடியதில் கெண்டைக்காலில் சதை பிசகிவிட்டது. ஆம்புலன்ஸ் உண்மையிலேயே தேவைப்பட்டது.

ஆகஸ்ட் 7, புதன்

மைக்கில் வாசிப்பதற்கு எழுதிவிட்டேன். டீச்சர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவர் காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு வாசித்தார்.

'தங்கதுரை உப்பு மூட்டை சுமந்தவர். இந்த ஊரில் அவரைப் போலப் பந்தை அடித்தவர் இல்லை. அவரைப் போல ஏமாற்றியவரும் இல்லை. எண்பத்தொன்பதாம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் அவர் அவுட். அம்பயர் சொன்னது சரி. அவர் எழுந்து போயிருக்க வேண்டும். போகாததால் ஆறு ஆண்டுகள் ஆட முடியாமல் போனவர்களில் ஒருவர் இப்போது டீக்கடை வைத்திருக்கிறார், ஒருவர் இந்தப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். இருவரும் இன்று அவர் பெயரில் நடக்கும் ஆட்டத்துக்கு வந்திருக்கிறார்கள்.'

டீச்சர் பேனா கேட்டார். அடித்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். 'ஏமாற்றியவரும்' என்பதற்குப் பக்கத்தில் 'சிரிக்க வைத்தவரும்' என்று சேர்த்தார். "எங்க அம்மா செத்த அன்னைக்குக்கூட என்னச் சிரிக்க வச்சுட்டாரு" என்றார். பிறகு, "இத நீயே வாசிக்கியா?" என்று கேட்டார்.

நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

டீக்கடைக்காரர் என்று போட்டதற்கு சூசை அண்ணாச்சி கோபித்துக்கொண்டார். 'ஸ்னாக்ஸ் கார்னர்' என்று போட வேண்டுமாம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

இன்று சாயங்காலம் அணியின் பெயர்களைக் கொடுக்க வேண்டும். மைதானத்தில் அருள்மணி அண்ணாச்சி காத்திருந்தார். டீச்சர் நொண்டிக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டர் ஒரு மாதம் ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"எட்டுப் பேருதான் வருது அண்ணாச்சி. ஒம்பது இல்லாம எறங்க விட மாட்டாங்க. வேற ஊருல ஆள் கேட்டுப் பாத்தேன், கெடைக்கல."

"சூசைக்குச் சுடிதார் போட்டு எறக்கிருவமா?"

யாரும் சிரிக்கவில்லை. ஜெனிட்டா பந்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தாள். அண்ணாச்சி நோட்டீஸை மடித்தார். "அடுத்த வருசம் பாப்பமா" என்று அவர் சொல்ல ஆரம்பித்ததும் என் காதுக்குள் ஏதோ அடித்தது. எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நானும் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தே இருந்தால் இது முடிந்துவிடும், எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள், நானும் போவேன், ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை.

எழுந்தேன். எட்டுப் பேரும் பார்த்தார்கள். அண்ணாச்சி பார்த்தார். முகம் சுட்டது. பரவாயில்லை, பார்க்கட்டும்.

"டீச்சர்" என்றேன்.

"என்னட்டி?"

"குடோன் சுவத்துல தடம் போட்டது நாந்தான்."

"அது ஊருக்கே தெரியும்ட்டி. எப்ப வாயத் தொறப்பேன்னுதான் நானும் பாத்துட்டு இருக்கேன்."

ஜெனிட்டா பந்தை என் பக்கம் எறிந்தாள். பிடித்தேன். மாரிக்கனியின் இடத்தில் ஓரமாக நிற்கிறேன் என்று கேட்கத்தான் எழுந்தேன். வாயைத் திறந்ததும் வந்தது வேறு.

"ஒம்பதாவது ஆளா என்னப் போடுங்க டீச்சர். மொத பந்த நானே அடிக்கட்டுமா?"